பார்க்காத பட்டாணி வயலைப் பற்றி நான் எழுதியது

பெரியவனுக்கு,

நீ ஓசூர் போய்ச் சேர்ந்து போட்ட கார்டு நேற்று வந்தது. தங்க இடம் கிடைத்துவிட்டது, சாப்பாடு பரவாயில்லை, விடியற்காலைக் குளிர்தான் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். உன் அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு தடவையும் கடைசி வரியை மட்டும் நான் விட்டுவிட்டேன். "எனக்குக் கொடுத்திருக்கிற ஊர்களில் தொட்டபள்ளியும் இருக்கிறது. உங்களை மாட்டிவிட்ட ஊர்க்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்குப் பதில். நீளமாகத்தான் இருக்கும். தொட்டபள்ளிக்குப் போவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. அதற்குள் போய்விட்டு வந்திருந்தால், அங்கே யாரிடம் என்ன பேசினாய் என்று மறைக்காமல் எனக்கு எழுது.

நாம் பாகலூரை விட்டு வேப்பனப்பள்ளிக்கு வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. கிருஷ்ணகிரியில் மாமா வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தவன், வீடு ஏன் மாறினோம் என்று கேட்டாய். "தொட்டபள்ளியில ஒரு பொம்பள உங்கப்பா மேல பொய்ப் புகார் குடுத்தா. ஊரே சேந்துகிட்டு அவர மாத்திடுச்சி" என்று உன் அம்மா சொன்னாள். நான் அதே அறையில்தான் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பம்பை எடுத்து நீயே காற்றடித்தாய். என் மேல் உனக்கு இரக்கம் வந்திருந்தது. அது எனக்கு இதமாக இருந்தது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த லீவில் சொல்லலாம் என்று விட்டேன். பிறகு நீ வளர வளர, நேர்மையான அப்பாவை ஒரு ஊர் சேர்ந்து கவிழ்த்துவிட்டது என்ற கதையும் உன்னோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. இப்போது அதே வேலைக்கு நீ போயிருக்கிறாய். என்னை மேஸ்திரி என்றார்கள், உனக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வயலில் இறங்கி நோய் பார்க்கிற வேலை ஒன்றுதான். பொய்க் கதையை வைத்துக்கொண்டு நீ அந்த வயலில் இறங்கக் கூடாது.

பாகலூரில் இருந்தபோது எனக்குப் பதினோரு ஊர். எல்லாம் மைசூர் எல்லையை ஒட்டிய ஊர்கள். ஐப்பசிக் கடைசியில் பட்டாணி விதைப்பார்கள். மார்கழியில் பூக்கும். தை பிறந்தால் பச்சைக் காய் பறித்து மூட்டை கட்டி லாரியில் பெங்களூருக்கு அனுப்புவார்கள். வாரம் ஒரு முறை பதினோரு ஊர் வயல்களிலும் நடந்து, நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, சனிக்கிழமை விவசாய இலாகாவில் எனக்கு மேலே இருந்த டெமான்ஸ்ட்ரேட்டரிடம் ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. இலாகா டிப்போவுக்குக் கந்தகத் தூள் குறைவாகத்தான் வரும். நான் எந்த ஊருக்கு "நோய் உண்டு" என்று எழுதுகிறேனோ அந்த ஊருக்குத் தூள் போகும். இலை வெள்ளை பூத்துப்போகிற சாம்பல் நோய்க்குக் கந்தகம் நல்ல மருந்துதான். ஆனால் முதல் வெள்ளை தெரிந்த சில நாட்களுக்குள் தூவ வேண்டும். கொடி முழுக்க வெளுத்துப்போன பிறகு எவ்வளவு தூவினாலும் பிரயோசனமில்லை. இதனால் என் கையெழுத்துக்கு அந்த ஊர்களில் ஒரு மதிப்பு இருந்தது. என் சைக்கிள் வருவதைப் பார்த்தால் ஏர் ஓட்டுகிறவர்கள் மாட்டை நிறுத்துவார்கள். அந்த மதிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் சேர்த்தே உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் மார்கழி பிறந்த சமயத்தில் சேலத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். நான்தான் வயல்களைக் காட்டினேன். எங்கே பார்த்தாலும் பச்சை. ஒரு இலையில் குறை இல்லை. அவர் என் தோளைத் தட்டி, "சீசன் இப்படியே முடியட்டும், மேல் கிரேடுக்கு உம்முடைய பெயரைத்தான் எழுதுவேன்" என்றார். பக்கத்தில் டெமான்ஸ்ட்ரேட்டரும் இருந்தார். அன்றிலிருந்து அந்த "இப்படியே" என்கிற வார்த்தை என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுநாள் வயலில் இறங்கும்போது எனக்கே ஒரு மாற்றம் தெரிந்தது. அதுவரை நோயைத் தேடிக்கொண்டு நடந்தவன், நோய் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். கால் அதே வரப்பில்தான் போகிறது, கண் மட்டும் வேறு வேலை செய்கிறது. உனக்கும் ஒரு நாள் யாராவது தோளைத் தட்டுவார்கள். தட்டிய மறுநாள் எப்படி நடக்கிறாய் என்று கொஞ்சம் கவனித்துப் பார்.

தொட்டபள்ளியில் முனிரத்தினம்மா என்று ஒரு அம்மா. நீ பொய்ப் புகார்க்காரி என்று நினைத்துக்கொண்டிருப்பது அவரைத்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். புருஷன் கோலார் சுரங்கத்தில் வேலை, மாதத்துக்கு ஒரு முறை வந்து போவார். நிலத்தைப் பார்த்துக்கொள்வதெல்லாம் இந்த அம்மாவும் அவருடைய நாத்தனாரும்தான். புருஷன் கோலார் பக்கத்திலிருந்து கொண்டுவந்த விதையை அந்த வருஷம் விதைத்திருந்தார்கள். மார்கழிக் கடைசியில் பேரிகைச் சந்தையில் நான் நாலைந்து பேரோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மா நேராக என்னிடம் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து இலைகளை எடுத்து நீட்டினார்.

"மேஸ்திரிகாரு, இத கொஞ்சம் பாருங்க. எங்க வயல்ல பூதி விழுந்திருக்குது" என்றார். பூதி என்றால் சாம்பல். அந்தப் பக்கத்தில் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"எந்த எடத்துல?"

"புங்க மரத்தாண்ட. நெழல் விழற எடம். அங்க ஒம்பது மணி வரைக்கும் பனி காயறதில்லீங்க."

"வண்டிப்பாதை ஓரம்தானம்மா அது? லாரி போற புழுதி படிஞ்சிருக்கும்."

அவர் இலையைத் திருப்பிப் பிடித்தார். "புழுதின்னா எலைக்கு மேலதானுங்க படியும்? இது அடியிலயும் இருக்குதே."

பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்று எனக்குப் பட்டது. "இத்தன வருஷமா வயல்ல நடக்கறவன் நானு. எனக்கே பாடம் சொல்றியா?" என்றேன். அதுவரை வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்த அம்மாவை அந்த நிமிஷத்தில் ஒருமைக்கு இறக்கிவிட்டேன். அவர் இலைகளை என் கையில் வைத்து, "வெச்சிக்கங்க. வெளிச்சத்துல நல்லா பாருங்க. பாத்துட்டு வயலுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மா சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். இலையின் இரண்டு பக்கமும் மாவு பூத்தது போல் இருந்தால் அது புழுதி ஆகாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதன்முதலில் கற்றுக்கொண்டதே அதுதான்.

அந்த வாரம் தொட்டபள்ளிக்குப் போனேன். வண்டிப்பாதையில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அங்கிருந்தே பார்த்தேன். மேலே தளிர் பச்சையாக இருந்தது, வெள்ளைப் பூ நிறைய இருந்தது. சாம்பல் நோய் அடி இலையில்தான் முதலில் பிடிக்கும். பாதையில் நிற்கிறவனுக்கு அடி இலை தெரியாது. வயலில் இறங்கி, குனிந்து, கொடியை விலக்கினால்தான் தெரியும். நான் இறங்கவில்லை. இறங்கினால் தெரிந்துவிடும் என்பதனால்தான் இறங்கவில்லை. சனிக்கிழமை "தொட்டபள்ளி: நோய் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமும் பாதையிலிருந்தே பார்த்து அதையே எழுதினேன். டிப்போவில் இருந்த தூளெல்லாம் திராட்சைத் தோட்டக்காரர்களுக்குப் போய்விட்டது.

மூன்றாவது வாரம் போனபோது, தூரத்திலிருந்து பார்த்தால் தொட்டபள்ளி வயல்களின் மேல் பனி இன்னும் விலகவில்லை என்று தோன்றியது. மணி பதினொன்று. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கிட்டே போனால் ஒரு வயல் இரண்டு வயல் இல்லை, அந்தப் பக்கம் முழுவதும் சாம்பல் பூத்துக் கிடந்தது. காய்கள் ஊதாமல் சுருங்கி, மேலே கறுப்பு தட்டியிருந்தது. உரித்துப் பார்த்தேன். உள்ளே மணி பிடிக்கவே இல்லை. வயல்காரர்கள் வரப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்தால் ஏதாவது வழி சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள்.

நாலைந்து நாளில் டெமான்ஸ்ட்ரேட்டர் ஜீப்பில் வந்தார். ஊர்ச் சாவடியில் எல்லோரும் கூடினார்கள். திம்மராயப்பா என்பவர் அந்த ஊருக்குப் பெரியவர். கெட்டவர் இல்லை, ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார். "இத்தன வருஷமா இல்லாத நோயி இப்ப எங்கிருந்து வந்துச்சி? வேற ஊரு வெதய கொண்டாந்து இந்தம்மா வெதச்சாங்க, இவங்க வயல்லதான் மொதல்ல வெளுத்துச்சி. இவங்க வெதயிலதான் வந்திருக்குது" என்றார். சாம்பல் நோய் காற்றில் பரவுவது. அது கோலார் விதையில் மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான். சும்மா நின்றேன். முனிரத்தினம்மா எழுந்தார். "மூணு வாரத்துக்கு முன்னாடியே நான் எலய பறிச்சினு போயி மேஸ்திரிகாரு கையில குடுத்தேன். அவரயே கேளுங்க" என்றார்.

டெமான்ஸ்ட்ரேட்டர் என் பக்கம் திரும்பினார். "கொடுத்தார்களா?"

பெரியவனே, அந்த இடத்தில் நான் சொன்ன பதிலை இதுவரை உன் அம்மாவைத் தவிர யாரிடமும் என் வாயால் விவரமாகச் சொன்னதில்லை. "ஞாபகம் இல்லைங்க" என்றேன். கொடுக்கவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கொடுத்தார்கள் என்று சொல்லவும் தைரியம் இல்லை. டெமான்ஸ்ட்ரேட்டர் ஃபைலைத் திறந்து என் ரிப்போர்ட்டைப் பார்த்து, "மூன்று வாரம் முன்னால் நோய் இல்லை என்றுதான் இருக்கிறது" என்றார். முனிரத்தினம்மா என்னைப் பார்த்து, "ஞாபகம் இல்லீங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். சத்தம் போட்டிருந்தால், சாபம் விட்டிருந்தால் எனக்கு அன்றைக்குத் தேவலை. அவர் நிஜமாகவே சந்தேகத்தோடு கேட்டார். என் ஞாபகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது போல் கேட்டார்.

அவருடைய கொடியெல்லாம் அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும், பொதுக் கிணற்றில் அவருக்கு இருந்த முறைத் தண்ணீர் அடுத்த விதைப்பு வரை கிடையாது என்று ஊர் முடிவு செய்தது. அந்த அம்மாவும் நாத்தனாரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிப் பிடுங்கினார்கள். தள்ளி ஒரு மூலையில் இன்னும் பச்சையாக, காய் பிடித்துக்கொண்டிருந்த கொடிகளும் இருந்தன. அதையும் பிடுங்கினார்கள். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவும் முடியவில்லை. ஊர்க்காரர்கள் சிலர் என்னிடம் வந்து, இனி என்ன விதைக்கலாம் என்று யோசனை கேட்டார்கள். யோசனையும் சொன்னேன்.

அன்றைக்குச் சந்தைக்குப் போட்டுப் போன சட்டையை நான் துவைக்கப் போடாமல் ஆணியிலேயே மாட்டி வைத்திருந்தேன்; மறுவாரம் உன் அம்மா அதைத் துவைக்க எடுத்தவள், பையிலிருந்து காய்ந்த இலைகளை எடுத்து வந்தாள். "என்னங்க இது, விபூதி கொட்டின மாதிரி?" என்றாள். நான் எதையோ சொல்லி மழுப்பியிருக்கலாம். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாளாக அவளும் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். பிறகு, "அந்தம்மா வயலு எப்பிடி இருக்குது இப்போ?" என்று கேட்டாள். பட்டாணிக்குப் பக்கத்தில் போட்டிருந்த கொத்தமல்லி தண்ணீர் இல்லாமல் காய்கிறது என்றேன். "அப்பொ போயி சொல்லிட்டு வாங்க. அது முழுசா காயறதுக்குள்ள போங்க" என்றாள்.

போனேன். திம்மராயப்பாவைப் பார்த்து, அந்த அம்மா இலை கொடுத்தது நிஜம், நான்தான் மறைத்தேன், நோய்க்கும் விதைக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேஸ்திரி, காயிதத்துல நோய் இல்லன்னு நீங்களேதான எழுதியிருக்கறீங்க? அன்னிக்கி அத்தன பேர் முன்னாடி ஞாபகம் இல்லன்னும் சொன்னீங்க. இப்ப வந்து இருந்துச்சின்னா நான் எத நம்பறது? அந்தம்மா வந்து அழுதாங்களா உங்ககிட்ட? பாவம் பாத்து பேசறீங்க" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஊருக்கு நடுவில் நின்று வாயால் உண்மையைச் சொல்கிறேன், நான் எழுதிய பொய்யைக் காட்டி என்னை மடக்குகிறார்கள். சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்ட எழுத்து, எழுதினவன் பேச்சைக்கூடக் கேட்காது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

டெமான்ஸ்ட்ரேட்டரிடம் போனேன். அவர் நல்ல மனுஷர். கதவைச் சாத்திவிட்டு, "எழுதிக் கொடுத்தால் விசாரணை வரும். மேல் கிரேடை மறந்துவிட வேண்டியதுதான். நானே வந்து அந்த ஊரில் சமாதானமாகப் பேசித் தண்ணீர் விடச் சொல்கிறேன். காகிதத்தில் வேண்டாம். யோசித்து வந்து சொல்லும்" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், உடனே முடிவு எடுத்துவிடவில்லை. அவர் பேசினால் தண்ணீர் வந்துவிடும், எனக்கும் கிரேடு கிடைத்துவிடும், யாருக்கு என்ன நஷ்டம் என்று இரண்டு நாள் என்னையே கேட்டுக்கொண்டேன். ஃபைலில் "நோய் இல்லை" என்று இருக்கிறவரை அந்த அம்மாவின் விதைதான் குற்றவாளி. சமாதானம் பேசினால், தப்புச் செய்தவரை ஊர் பெரிய மனதோடு மன்னித்ததாக ஆகும். அவர் செய்யாத தப்புக்கு அவருக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுப்பதா? மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினேன். எந்தத் தேதியில் இலையை வாங்கினேன், எந்தெந்த வாரம் வயலில் இறங்காமல் பாதையிலிருந்து பார்த்தேன், சாவடியில் என்ன பொய் சொன்னேன், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆகவே என்னைப் பற்றி ஒரு புகார் போனது வாஸ்தவம். அதை எழுதினது நான்.

டெமான்ஸ்ட்ரேட்டர் அதைச் சாவடியில் படித்தார். முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "எங்க பட்டாணி எல்லாம் ஒன் பேனாவுலதான் போச்சாடா?" என்று கத்தினார். இன்னும் சிலர் எழுந்தார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். திம்மராயப்பாதான் விலக்கினார். விலக்கிவிட்டு என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், நேராகக் கிணற்றுக்குப் போய், தண்ணீர் இறைக்கிற கமலையில் தன்னுடைய மாட்டையே பூட்டி, முனிரத்தினம்மா வயலுக்குத் தண்ணீர் திருப்பினார். அந்த ஊர் என்னை மாட்டிவிட்டது என்று நீ எழுதியிருந்தாயே, அந்த ஊர் செய்தது இவ்வளவுதான்.

முனிரத்தினம்மா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன்.

"தண்ணி வந்துடுச்சிங்க. பட்டாணி வரலையே" என்றார்.

மறுபடியும் கைகூப்பினேன்.

"மன்னிப்பெல்லாம் எனக்கெதுக்கோசரம்? அத வெச்சினு நான் என்னா செய்யறது? வர்ற வருசம் வந்து வயல்ல எறங்கி பாருங்க. எங்க வயல்லேர்ந்து ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனதால் அடுத்த விதைப்புக்கும் நான் பாகலூரிலேயே இருந்தேன். அந்த அம்மா அதே கோலார் விதையைத்தான் விதைத்தார். அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூவெடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு வாரமும் முதல் வேலையாக அவர் வயலுக்குப் போனேன். அவரும் கூடவே நடப்பார். பனி எங்கே நிற்கும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவருக்குத் தெரியும். எது துரு நோய், எது சாம்பல், வேர் அழுகி வாடுவது எது, தண்ணீர் இல்லாமல் வாடுவது எது என்று எனக்குத் தெரியும். துரு என்றால் விரலில் காவிப் பொடி ஒட்டும். வேர் அழுகலென்றால் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் அடித்தண்டு கறுத்திருக்கும். இதெல்லாம் உனக்கும் படித்துக் கொடுத்திருப்பார்கள். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. மூன்று வாரமும் முட்டி போட்டு அடி இலையைத் திருப்பிப் பார்த்துத்தான் "இல்லை" என்று எழுதினேன். நாலாவது வாரம் புங்க மரத்து நிழலில் இரண்டு இலைகளில் கேழ்வரகு மணி அளவுக்கு வெள்ளை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். சனிக்கிழமைக்குக் காத்திராமல் அங்கிருந்தே டிப்போவுக்கு சைக்கிளை மிதித்தேன். மறுநாள் காலையில் தூள் வந்துவிட்டது. பனி ஈரம் காய்வதற்குள் மெல்லிய துணியில் முடிந்து ஊரே வயலில் இறங்கி உதறியது. போன வருஷம் என் சட்டையைப் பிடித்தவர் எனக்கும் ஒரு மூட்டையைக் கட்டிக் கொடுத்தார். அந்த நிழல் மூலையில் மட்டும்தான் சேதம். மற்றதெல்லாம் தை மாதம் லாரி ஏறியது. மாசியில் எனக்கு மாறுதல் உத்தரவு வந்தது. மேல் கிரேடு போனது போனதுதான். செய்த தப்புக்கு அது சரியான தண்டனை. அதைப் பற்றி எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை, உனக்கும் இருக்க வேண்டாம்.

வேப்பனப்பள்ளிக்கு வந்த பிறகு ரிப்போர்ட் தாளில் நானே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் அதிகமாகப் போட்டுக்கொண்டேன். அச்சடித்த தாளில் நோய் உண்டு, நோய் இல்லை என்று இரண்டுதான் இருக்கும். மூன்றாவதாக "பார்க்கவில்லை" என்று எழுதினேன். ஜுரம் வந்த வாரம், சைக்கிள் உடைந்த வாரம், ஆற்றில் தண்ணீர் வந்து தாண்ட முடியாத வாரம், எல்லாவற்றுக்கும் அதுதான். புதிதாக வந்த அதிகாரி, "போகவில்லை என்று நீரே எழுதிக் கொடுக்கிறீரா? பைத்தியமா உமக்கு?" என்று திட்டினார். திட்டட்டும். அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் வேறு ஆளையாவது அனுப்புவார். "இல்லை" என்று எழுதிவிட்டால் யாரும் போக மாட்டார்கள். உன்னுடைய தாளிலும் அந்தக் கட்டம் இருக்காது. நீயும் போட்டுக்கொள். உன்னிடம் ஒரு பெண்பிள்ளையோ, கூலியாளோ, எழுத்துத் தெரியாத கிழவரோ ஒரு இலையைக் கொண்டுவந்து நீட்டினால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காதே. இலையைப் பார்.

இதுவரை எழுதியதை இன்று காலையில் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நான் விட்டுவிட்ட உன் கார்டின் கடைசி வரியையும் படித்தேன். உன்னிடம் பொய் சொன்னது தப்பு என்று எழுதவா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா எதுக்கோசரம் சொன்னேன்னும் எழுதுங்க. அங்க மாமா ஊட்டுல நாலு பேரு இருக்கற எடத்துல புள்ள தல குனிஞ்சி நிக்கக் கூடாதுன்னு சொன்னேன். இப்ப அவன் அதே பொய்ய தூக்கினு அந்தம்மா ஊட்டு வாசலுக்குப் போறான். இது எனக்குத் தோணவே இல்லியே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் மேல் உனக்கு ஒரு துளிக் கோபமும் வரக் கூடாது. அவள் ஒரு தடவை சொன்னாள். நான் எட்டு வருஷம் பேசாமல் இருந்தேன்.

என் மேல் கோபம் வரும், அது நியாயம். வந்ததை அப்படியே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். பன்னிரண்டு வயதில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு நான் கடமைப்பட்டிருந்த உண்மை இது. தாமதமாகத் தருகிறேன்.

தொட்டபள்ளிக்குப் போனதும் முதலில் முனிரத்தினம்மா வீட்டுக்குப் போ. யார் மகன் என்று அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடாதே, வயலில் கால் வைப்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. அவர் உன்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கூடவே நட. முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்தினால், அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. வாதாடாதே, என் சார்பில் மன்னிப்பும் கேட்காதே. கும்பிட்டுவிட்டுத் திரும்பி வா. அந்த வாரத்துக்கு "பார்க்கவில்லை" என்று எழுது. மறுவாரம் மறுபடியும் போ.

உன் அப்பா